வளர்ந்த நாய்க்கு என்ன தேவை: சோறு முதல் உண்ணி வரை முழு வழிகாட்டி

குட்டியாக இருக்கும்வரை நாயை வீடே தாங்கும். ஊசி அட்டையை பீரோவில் பத்திரப்படுத்துவோம். ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒன்றரை வயது தாண்டியதும் "அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். வளர்ந்த நாய்களின் பெரும்பாலான தொல்லைகள் இந்த இடத்தில்தான் வேர்விடுகின்றன. நாய் தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது. 104 டிகிரி காய்ச்சலோடும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வரும் நாய்கள் உண்டு. அதனால் உங்கள் நாய் நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது உங்கள் கைக்கும் கண்ணுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால்தான் மாறுதல் வந்த அன்றே பிடிபடும்.

சிறிய, நடுத்தர நாய்கள் ஒரு வயதிலும், பெரிய ஜாதி நாய்கள் ஒன்றரை முதல் இரண்டு வயதிலும் வளர்ச்சி முடிந்து பெரிய நாயாகின்றன. அங்கிருந்து சுமார் ஏழு வயதுவரை உள்ள காலத்துக்கானது இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டு வெயிலிலும் மழையிலும் வளரும் நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, லேப்ரடார், பக் போன்றவற்றை மனத்தில் வைத்தே எல்லாம் சொல்லப்படுகிறது.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை வாக்கிங் முடிந்து, நாய் ஓய்ந்து படுத்தபின் செய்தால் சுலபம். வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரே வரிசையில், ஒவ்வொரு வாரமும் அதே வரிசையில் பாருங்கள்.

1. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளிறிய ஈறு இரத்தம் குறைந்ததைக் காட்டும். மஞ்சள் தட்டினால் கல்லீரலையோ, இரத்த அணுக்கள் உடைவதையோ சந்தேகிக்க வேண்டும். கறுப்பு ஈறுள்ள நாய்க்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கச் சிவப்பைப் பாருங்கள்.

2. காதை மடக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு போன்ற வாடை, பழுப்பு நிற அழுக்கு, தொட்டதும் தலையை உதறுதல் ஆகியவை ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றின் அடையாளங்கள்.

3. தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இருபக்கமும் தடவுங்கள். அங்கே நிணநீர்க் கட்டிகள் இருக்கின்றன. சாதாரணமாக மொச்சைக்கொட்டை அளவோ, அதைவிடச் சிறியதாகவோ இருக்கும். சில இடங்களில் கைக்கே தட்டாது. பல இடங்களில் ஒரே சமயத்தில் எலுமிச்சை அளவுக்குப் பெருத்தால் உண்ணிக் காய்ச்சலோ புற்றுநோயோ இருக்கலாம். அந்த வாரமே காட்டுங்கள்.

4. விலா எலும்புமேல் விரல்களை ஓட்டுங்கள். உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ, அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் நாய் பருத்துவிட்டது. மடக்கிய முஷ்டியின் கணுக்கள் போல் துருத்தினால் மெலிந்துவிட்டது.

5. கால்விரல் இடுக்குகள், அக்குள், தொடை இடுக்கு, வாலடி. உண்ணி ஒளியும் இடங்கள் இவைதான்.

6. நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை சரி. தூக்கத்திலும் தொடர்ந்து 35-க்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டின் வித்தியாசத்தைக் காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். 20 கிலோ நாய்க்கு ஒரு கிலோ குறைவது 60 கிலோ மனிதருக்கு மூன்று கிலோ குறைவதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியுமுன்பே எண் சொல்லிவிடும்.

நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் வாசலின் தடவி, மலவாயில் இரண்டு சென்டிமீட்டர் செலுத்திப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் நாய்க்கு இயல்பு. மனிதக் கணக்கில் அது காய்ச்சல் என்பதால் பலர் பதறுகிறார்கள். 103-ஐத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது காய்ச்சலுக்கு அளவுகோலே அல்ல.

சாப்பாடு: தயிர்சோறு ஏன் போதாது

நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் பெரிய தவறு இது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, ஓரளவு நடமாடும் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 முதல் 1,070 கலோரி வேண்டும். கணக்கு இப்படி: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி வரும், இங்கே 670. அதைக் கருத்தடை செய்த நாய்க்கு 1.6-ஆலும், செய்யாத நாய்க்கு 1.8-ஆலும் பெருக்குங்கள். இந்தச் சூத்திரம் 2 கிலோவுக்கு மேல் 45 கிலோவுக்குள் உள்ள நாய்க்குப் பொருந்தும்.

அந்த 1,000 கலோரியை அரைக் கிலோ சோறும் அரைக் கிலோ தயிரும் கொடுத்தால் எட்டிவிடலாம். வயிறு நிறையும், நாயும் ஆவலாகச் சாப்பிடும். ஆனால் அதில் கிடைக்கும் புரதம் சுமார் 30 கிராம்தான். வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். இரும்பு, துத்தநாகம், நல்ல கொழுப்பு ஆகியவையும் போதுமான அளவில் இல்லை. சில மாதங்களில் முடி மங்கி உதிரும், தோல் செதில் செதிலாகும், தசை கரைந்து தொந்தி மட்டும் தெரியும். "முடி கொட்டுது, ஷாம்பு சொல்லுங்க" என்று கேட்கப்படும் பல இடங்களில் கோளாறு தட்டில் இருக்கிறது.

அதே 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கான வீட்டுச் சாப்பாடு இப்படி இருக்கலாம்:

எலும்பில்லாத கோழிக்கறி, வெந்தபின் 250 கிராம் (பச்சையாக ஏறக்குறைய 350 கிராம் வாங்க வேண்டும்)
வெந்த சோறு 250 கிராம்
கோழி ஈரல், வெந்தது 25 கிராம்
அவித்த முட்டை ஒன்று
பூசணி, கேரட், பீன்ஸ் ஏதாவது ஒன்று, வேகவைத்து மசித்தது 100 கிராம்
எண்ணெய் 2 டீஸ்பூன்
முட்டையோட்டுத் தூள் அரை டீஸ்பூன், கொஞ்சம் தூக்கலாக
அயோடின் உப்பு ஒரு சிட்டிகை

கறியையும் ஈரலையும் மூழ்கும் அளவு தண்ணீரில் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சோற்றோடு பிசைந்துவிடுங்கள். ஈரல் அளவைக் கூட்டாதீர்கள். தினமும் கிண்ணம் கிண்ணமாக ஈரல் போட்டால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி மூட்டு எலும்புகளைக் கெடுக்கும்.

முட்டையோட்டை ஏன் சேர்க்கிறோம்? கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. கால்சியம் குறையும்போது உடல் எலும்பைக் கரைத்து அதை ஈடுகட்டும். ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துச் சலித்து வையுங்கள். ஒரு டீஸ்பூன் தூளில் சுமார் 1,900 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,250 மில்லிகிராம் போதும். இவ்வளவு செய்தும் வைட்டமின் ஈ, துத்தநாகம், ஒமேகா 3 ஆகியவை குறையத்தான் செய்யும். நாய்க்கென்றே உள்ள சத்துக்கலவை ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சேர்ப்பது நல்லது.

பாக்கெட் தீவனம் கொடுத்தால் முட்டையோடு, கால்சியம் சிரப் எதுவும் வேண்டாம். பெரும்பாலான உலர் தீவனங்களில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு 260 முதல் 300 கிராம் போதும். டம்ளர் கணக்கில் போடாமல் ஒருமுறையாவது சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கப்பில் கோடு போட்டு வையுங்கள். சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் கால்பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுவதும். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் வரக்கூடும். அதைத் தீவனத்தின் குறை என்று நினைத்து மறுபடி மாற்றுவார்கள், கழிச்சல் நீளும்.

நாளைக்கு இரண்டு வேளை, அதே நேரத்தில். இருபது நிமிடத்தில் சாப்பிடாத மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிஸ்கட், ரொட்டித் துண்டு எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ நாய்க்கு அது 100 கலோரி, டீயோடு நாம் சாப்பிடும் பிஸ்கட்டில் நான்கைந்துக்குள் முடிந்துவிடும்.

கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், மது, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா இனிப்புகள். சாம்பார், குழம்பு, பிரியாணி மிச்சம் எதிலும் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும்; துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாலும் நஞ்சு குழம்பிலேயே இருக்கிறது. அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் போனாலும் இரத்தசோகை வரும். பொங்கல், பாயசத்தில் உள்ள திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடக்கூடும். வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும்; கறிக்கடை எலும்பை வேகவைத்துப் போடுவது இரக்கத்தில் செய்யும் தீங்கு.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை ஓட்டத்துக்கென்று ஆன உடல்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரிவதும், வயிறு உள்ளே ஏறி இருப்பதும் அவற்றின் இயல்பு. பார்ப்பவர்கள் "சாப்பாடே போடலையா" என்று கேட்பார்கள். அதற்காகப் பருக்கவைத்தால் முழங்கால்தான் பாரம் தாங்காமல் போகும்.

தண்ணீரும் வெயிலும்

கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வீதம், 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் முதல் 1,200 மில்லிவரை ஒரு நாளைக்குத் தண்ணீர் போகும். ஈரமான வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் நாய் இதைவிடக் குறைவாகக் குடிக்கும், கோடையில் கூடும். இரண்டு இடங்களில், நிழலில், கனமான மண்பாத்திரத்தில் வையுங்கள். காலையும் மாலையும் தேய்த்துக் கழுவுங்கள். வழவழப்பு படிந்த பாத்திரத்தில் நாய் வாய் வைக்கத் தயங்கும். கோடையல்லாத நாளில் திடீரென்று கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடிக்கத் தொடங்கினால் சர்க்கரை, சிறுநீரகம், பெண்நாயாக இருந்தால் கருப்பை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான். உடல் சூட்டை இரைத்து இரைத்துத்தான் தணிக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் நாக்கிலிருந்து நீர் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 35 டிகிரி செல்சியஸே நாய்க்குக் கொடுமையாக இருக்கிறது. மார்ச் முதல் கத்திரி முடியும்வரை வாக்கிங்கைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் தார் ஆறியபின் போங்கள். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

மொட்டைமாடித் தகரக் கொட்டகை, கண்ணாடி ஏற்றிய கார், நண்பகலில் நிழல் நகர்ந்துவிடும் மரத்தடிச் சங்கிலி, இந்த மூன்றும் நாயைக் கொல்லும் இடங்கள். காலை எட்டு மணிக்கு நிழலாக இருக்கும் இடம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

வெப்ப மயக்கம் வந்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும்: நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி. அப்போது இதைச் செய்யுங்கள்:

1. நிழலுக்குத் தூக்குங்கள். குழாய்த் தண்ணீரை உடல் முழுதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதங்களில், தோல்வரை நனையும்படி ஊற்றுங்கள்.
2. மின்விசிறியை முழு வேகத்தில் அதன்மேல் திருப்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள்; சில நிமிடங்களில் அது சூட்டை அடைத்துவைக்கும் போர்வையாகிவிடும்.
3. குடிக்க முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள்.
4. 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். முதலில் குளிரவைப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. போகும் வழியிலும் ஏசியோ, திறந்த ஜன்னலோ வேண்டும்.

எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாமையும் ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.

உண்ணி: நாயில் பார்ப்பது மிச்சசொச்சம்தான்

நம் ஊர் நாய்களுக்கு ரேபிஸுக்கு அடுத்த பெரிய பகை பழுப்பு உண்ணி. அது மூன்று பருவங்களில் மூன்று முறை நாயின்மேல் ஏறி இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் தோலுரிக்கும். கடைசியில் பெண் உண்ணி வயிறு புடைத்து இறங்கி, ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரில் மேல்நோக்கி ஊரும் கடுகு போன்ற புள்ளிகளைப் பார்த்தீர்களானால் அவை குஞ்சு உண்ணிகள். நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டு "போனவாரம்தானே எடுத்தோம், மறுபடி வந்துடுச்சே" என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம், வீட்டில் இருப்பவை கணக்கில் வராததுதான்.

கடித்த உண்ணியைக் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக நேரே இழுங்கள். எடுத்ததை ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது இரண்டும் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும்.

மருந்தில் மூன்று வகை பழக்கத்தில் உள்ளன. ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை தோள்பட்டைகளுக்கு நடுவே, முடியை வகிர்ந்து, தோலில் படும்படி விட வேண்டும். முடிமேல் விட்டால் வீண். இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவும். அஃபாக்சோலேனர் மென்று தின்னும் மாத்திரை மாதம் ஒன்று. ஃப்ளூரலேனர் மாத்திரை சுமார் 12 வாரம் தாங்கும். சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக உடலில் சேரும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த மாத்திரைகளுக்குமுன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் இங்கே உண்ணி ஓயும் குளிர்காலம் கிடையாது. வருடம் முழுக்க இடைவெளி விடாமல் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள், மருத்துவர் சொல்லும் மருந்தை இடுக்குகளில் அடித்து, காயும்வரை நாயையும் பூனையையும் உள்ளே விடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்ணி பரப்பும் எர்லிகியா, பபீசியா நோய்கள்தான் "உண்ணிக் காய்ச்சல்". சாப்பாட்டில் நாட்டமின்மை, விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறிய ஈறு, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம், காபி நிறத்தில் சிறுநீர். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின் பொதுவாக 28 நாள் கொடுக்கப்படுகிறது. மூன்றாம் நாளே நாய் துள்ளும், பலர் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்துவார்கள். கிருமி அடங்கி இருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கித் திரும்பும். அப்போது காப்பாற்றுவது கடினம்.

ஊசியும் பூச்சி மாத்திரையும்

ரேபிஸ் ஊசி வருடம் ஒருமுறை, தேதி தவறாமல். வாசலைத் தாண்டாத நாய்க்கும் வேண்டும். லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியும் வருடாந்திரம்தான். எலியின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரில் இருந்து வரும் நோய் என்பதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. முதன்முறையாகப் போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளின் காப்பு வளர்ந்த நாயில் நெடுநாள் நிற்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதுமா, வருடாவருடமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய பொருள். கடையில் வாங்கி ஐஸ் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் போனால், போடும் ஊசியில் பயன் இருக்காது. அட்டையில் மட்டும் முத்திரை விழும். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே பார்க்க முடியும்.

உங்கள் நாயைத் தெருநாய் கடித்துவிட்டால், உங்கள் நாய்க்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் மறு ஊசி அட்டவணை கேளுங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள்.

பூச்சி மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடைக்கு ஏற்பத்தான் அளவு என்பதால் முந்தின நாள் எடை பாருங்கள். மலவாயைச் சுற்றி வெள்ளரி விதை போலவோ உலர்ந்த அரிசி போலவோ ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பத் திரும்ப வரும்.

குளியல், நகம், பல்

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். மனித ஷாம்பு, துணி சோப்பு வேண்டாம். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் வேறு. நாய் ஷாம்பு போட்டால் நுரையை ஐந்து நிமிடம் விட்டு, கடைசித் துளிவரை அலசுங்கள். விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துவதே இதில் முக்கியம். மழைக்காலப் பூஞ்சை அங்கிருந்துதான் ஏறும்.

தரையில் நடக்கும்போது 'டக்டக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது. வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக இரத்தநாளம் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே வெட்டுங்கள். கறுப்பு நகத்தைத் துளித்துளியாகச் சீவிக்கொண்டே வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் காய்ந்த சுண்ணாம்பு போல் இருக்கும். நடுவில் ஈரமான கரும்புள்ளி ஒன்று தோன்றியதும் நிறுத்துங்கள். தவறிப்போய் இரத்தம் வந்தால் சோளமாவை அப்பி இரண்டு நிமிடம் அழுத்துங்கள். காலின் உள்பக்கம் தொங்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது, வளைந்து சதைக்குள்ளேயே குத்தும். அதை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

நாய்க்கு 42 பற்கள். நாய் பற்பசை தொட்டு, மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தை வாரம் நான்கு முறையாவது தேயுங்கள். காறை படிவது அங்கேதான். மனிதப் பற்பசையை நாய் விழுங்கிவிடும் என்பதால் அது கூடாது.

நடையும் வேலையும்

ஒரு நாளைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டும். அதில் பாதி நேரமாவது முகர விடுங்கள். ஒரு கம்பத்தை முகர்வது நாய்க்குச் செய்தித்தாள் வாசிப்பது போன்றது. இழுத்துக்கொண்டு ஓடினால் உடல் மட்டும் களைக்கும், மனம் பசியோடு வீடு திரும்பும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைப்பதற்கும் கடிப்பதற்கும் குணத்தைக் குறை சொல்ல முடியாது.

சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றின் கழுத்து தலையைவிடப் பருமன். சாதாரணப் பட்டை பின்வாங்கினால் உருவிக்கொள்ளும், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். முயலோ பூனையோ ஓடினால் அந்த நாய்க்கு உங்கள் குரல் கேட்காது, எனவே சாலையோரம் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு; வெள்ளை நிறத்தோடு ஒட்டிய குறை அது. நாய் தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது கேட்காத நாயைத் தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கும். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்பப் பழகுங்கள், குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அதன் இளஞ்சிவப்பு மூக்கும் காதோரமும் வெயிலில் எளிதில் கருகும்.

கருத்தடை

குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் செய்துவிடுங்கள். செய்யாத பெண்நாய்க்கு, ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் கருப்பையில் சீழ் கட்டும் அபாயம் ஒவ்வொரு முறையும் உண்டு. அதிகத் தண்ணீர் தாகம், வாந்தி, சோர்வு, சில சமயம் சீழ் வடிதல். வடியாமல் உள்ளேயே அடைத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. ஆண், பெண் இரண்டிலும் இனப்பெருக்க உறுப்பில் சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்தால், இணைசேரலில் பரவும் கட்டியாக இருக்கலாம்; வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரங்களில் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். அறுவைக்குப் பின் கலோரித் தேவை குறையும் என்பதால் சாப்பாட்டைச் சற்றுக் குறைத்து, எடையைப் பார்த்துத் திருத்துங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருப்பது: இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களில் வரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாய் இருக்காது. ஆண்நாய் முக்கியும் சிறுநீர் வராமை. ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு. எலி மருந்து தின்றது தெரிந்தால் நாய் நன்றாக இருந்தாலும் அந்த மருந்தின் அட்டையோடு கிளம்புங்கள், சில எலி மருந்துகளுக்கு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இரத்தம் கசியும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது, அதனால் பாம்பைத் தேடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை. விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கிளம்பும்போதே போனில் கேளுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் உள்ள பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் கெடும். பிறகு மருத்துவர் கொடுக்க நினைக்கும் சரியான மருந்தையும் கொடுக்க முடியாமல் போகும்.

ஏழு வயதுவரை வருடம் ஒரு முழுப் பரிசோதனை. ஏழு தொட்டதும், பெரிய ஜாதியென்றால் ஆறிலேயே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர், பல் மூன்றையும் பாருங்கள். அப்போது கண்மணியில் நீலம் பூத்தாற்போல் ஒரு மங்கல் தெரியலாம். பெரும்பாலும் அது வயதினால் விழித்திரைக்கு முன்னுள்ள வில்லை தடிப்பதுதான், பார்வை அவ்வளவாகக் குறையாது. பால் போல் வெள்ளையாக மறைத்தால் அது புரை. அதற்குச் சர்க்கரை அளவும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.